என் கொழுந்தியாள் நடத்திய சைக்கிள் கம்பெனி

எங்கள் அட்டைப்பெட்டி உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் வருஷம் தவறாமல் எழுதுகிறவன். போன வருஷம் 'நான் வளர்ந்த விதம்' எழுதினேன். அதற்கு முந்தின வருஷம் 'நான் வாங்கிய முதல் இயந்திரம்'. இந்த வருஷம் செயலாளர் போன் செய்து, "அண்ணே, ஒரு மாறுதலுக்கு வேற யாரையாவது பத்தி எழுதுங்களேன்" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்ததில், எழுதத் தகுந்த ஆள் ஒருத்தி என் பட்டறையிலேயே இருப்பது தெரிந்தது. என் மனைவியின் தங்கை.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கடைகடையாகப் பழைய அட்டை பொறுக்கி, கறிக்கத்தியால் வெட்டி, வீட்டில் காய்ச்சிய பசையால் ஒட்டி விற்றவன். இன்று மூன்று இயந்திரம், அறுபது ஆள், சொந்தமாக இரண்டு லாரி. அட்டைப்பெட்டி என்றால் இந்த வட்டாரத்தில் என் பட்டறையைத்தான் கை காட்டுவார்கள். இதில் ஒரு வேலையையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எவன் வரவில்லையோ அவன் வேலையை நானே செய்தேன். அப்படித்தான் எல்லா வேலையும் வந்தது.

கொழுந்தியாளுக்குப் பட்டறையில் 'தராசு' என்று பெயர். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. மனசுக்குள் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடி, முள் நேராக நின்ற பிறகுதான் வாய் திறப்பாள். அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். பிள்ளைகள் இரண்டும் பெரிய வகுப்புக்குப் போனதும், வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று என்னிடம் வேலைக்கு வந்தாள். அது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், இங்கிலீஷ் நன்றாகப் படிப்பாள் என்பதால் சரக்கு அனுப்பும் பகுதியை அவளிடம் கொடுத்தேன். பட்டறையில் நான் அவளுக்கு முதலாளி, வீட்டில் அத்தான். இரண்டையும் அவள் ஒருநாளும் கலந்ததில்லை.

அவளுடைய வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கடைசியில் இறங்க வேண்டிய சரக்கு லாரிக்குள் முதலில் ஏற வேண்டும், முதலில் இறங்குவது கதவோரம் நிற்க வேண்டும். மறுநாள் எந்த லாரியில் எந்த வரிசை என்று சாயங்காலம் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவாள். காலை ஆறு மணிக்கு நான் வந்து பார்ப்பேன். சரியில்லாததை உள்ளங்கையால் அழித்து மாற்றி எழுதுவேன். எட்டு மணிக்கு வந்து பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க நின்று ஏற்றிவிடுவாள். அதிலேயே இரண்டு முட்டியும் போயின. ஆறு வருஷமாகப் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறாள்.

போன வருஷம் எங்கள் பெரிய வாடிக்கையாளர், வெளிநாட்டுக் கம்பெனி, ஒரு கடிதம் அனுப்பியது. இனிமேல் பெட்டிகளைப் பல நாட்டுப் பட்டறைகளும் சேர்ந்து திட்டமிட்டுத் தயாரிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். சரக்கு அனுப்பும் பகுதி ஆளாக இருந்தால் நல்லது. எட்டு வாரம் கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி உண்டு. அதில் தேறினால் அந்த ஆளே ஒருங்கிணைப்பாளர், தேறாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரை அவர்களே வைப்பார்கள். இதுதான் விஷயம்.

தராசுக்கு அது நாற்காலி வேலை. அவள் அக்கா, அதாவது என் வீட்டம்மா, அன்றைக்கே சொல்லிவிட்டாள். "பாருங்க, இதுல அவ தேறலைன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல அவளைத் தூக்கித்தான் லாரியில ஏத்தணும். நீங்க நடுவுல பூந்து எதையும் கெடுத்துடாதீங்க."

"நான் ஏன்டி கெடுக்கப்போறேன்?"

"நாப்பத்தி ரெண்டு வருஷமா உங்களைப் பார்க்கிறேனே, அதனால சொன்னேன்."

பயிற்சி என்றால் பாடம் என்று நினைத்தேன். பார்த்தால் விளையாட்டு! ஐந்து நாட்டு ஆட்கள் ஐந்து பேரைச் சேர்த்து ஒரு பொய்க் கம்பெனி. மடக்கு சைக்கிள் செய்து விற்க வேண்டும். சைக்கிளும் கிடையாது, கடையும் கிடையாது, எல்லாம் திரையில்தான். ஒரு வாரம் போனால் கம்பெனிக்கு மூன்று மாதம் போனதாகக் கணக்கு. ஒருவர் உதிரிபாகம் வாங்குவார், ஒருவர் விலை வைப்பார், ஒருவர் ஆள் சேர்ப்பார், ஒருவர் தலைவர். தராசுக்கு உற்பத்தி. திங்கள் மதியம் திரையில் முகம் பார்த்துப் பேச்சு, புதன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவரவர் எண்களைப் போட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு பூட்டிக்கொள்ளும். இப்படி ஏழு கம்பெனிகள் போட்டி. ஆனால் மதிப்பெண்ணில் பாதிதான் லாபத்துக்கு. மீதிப் பாதியைக் கூட வேலை செய்தவர்களே போடுவார்கள். நாலு பேரும் ஆளுக்குப் பத்துக்குப் போட்டு, மொத்தம் இருபத்தெட்டாவது வர வேண்டும்.

மாடியில் மாதிரிப் பெட்டி வைக்கிற கண்ணாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. அது மற்றவர்களுக்கு என்று நினைத்து, கேமரா கண்ணில் படாத மூலையில் அட்டைக் கட்டின் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். கம்பெனி நடத்துவதைப் பற்றி ஒரு விளையாட்டு நடக்கும்போது, கம்பெனி நடத்தியவன் கீழே நின்று பசை காய்ச்சிக்கொண்டிருப்பதா?

அந்த நாலு பேரின் பெயரும் எங்கள் வாயில் நுழையவில்லை. அவரவர் ஊரில் அப்போது மணி என்னவோ அதையே பெயராக வைத்தாள் தராசு. தலைவர் விடியல்காரர். நரைத்த மீசை, பெயிண்ட் ஆலையில் வேலை, எப்போதும் கையில் ஒரு கோப்பை. விலை வைக்கிறவள் சாயங்காலக்காரி. பின்னால் கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்ற இருவர் காலைக்காரரும் மதியக்காரரும்.

முதல் இரண்டு வாரம் தராசு ஒரு வார்த்தை பேசவில்லை. விடியல்காரர் திட்டத்தைச் சொல்லிவிட்டு, யாருக்காவது மறுப்பு உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். இவள் பேசாமல் சிரிப்பாள். சக்கரம் வந்து சேரவே நாலு மாதம் ஆகும், மூன்று மாதத்துக்குள் நாலாயிரம் சைக்கிள் முடியாது என்று இவளுக்கு முதல் நாளே தெரியும். சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து எங்கள் கிடங்கில் சக்கரம் இல்லாத நாலாயிரம் சைக்கிள் படுத்திருந்தது. ஏழில் ஏழாவது இடம்.

"ஏம்மா, தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டா இருந்தே?" என்றேன்.

"அவரு பெரியவரு. நாலு பேருக்கு நடுவுல எப்படி மறுத்துப் பேசுறது?"

"அவரு உன்னை மறுக்கச் சொல்லித்தானே கேட்டாரு?"

"கேட்பாங்க முதலாளி. கேக்கிறவங்க எல்லாம் பதில் வேணும்னா கேக்கிறாங்க?"

அந்த வாரமே விடியல்காரர் தனியாகக் கேட்டார். உற்பத்தி உங்கள் கையில், நீங்கள் பேசாமல் இருந்தால் நான் சரி என்று எடுத்துக்கொள்ளவா, தவறு என்று எடுத்துக்கொள்ளவா என்றார். தராசு இரண்டு நாள் ஆடினாள். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசுவதற்குத்தானே தயக்கம், எழுதினால் என்ன? ஐந்து பேருக்கும் பொதுவான பக்கத்தில் திங்கள் பேச்சுக்கு முன்னாலேயே மூன்று வரி போட்டாள். இந்த வாரம் நான் செய்யப்போவது இது. உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது இது. எனக்கு இருக்கிற பயம் இது.

மூன்றாவது வரிதான் வேலை செய்தது. பயம் என்று எழுதினால் மறுப்பு மாதிரி இல்லை பாருங்கள். பெரியவரையும் எதிர்த்ததாகாது, விஷயமும் சபைக்கு வந்துவிடும். அந்த வாரமே மதியக்காரரும் மூன்று வரி எழுதினார். அடுத்த வாரம் விடியல்காரரே எழுதினார். நாலாவது வாரம் ஏழிலிருந்து நாலாவது இடத்துக்கு வந்தோம். என் மனைவியிடம் போய், "நான் பக்கத்துல இருக்கிறதால வந்த தைரியம்" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரத்தில் வினை வந்தது. புதன்கிழமை மணி நாலரை. எல்லோரும் எண் போட்டாகிவிட்டது. சாயங்காலக்காரியின் கட்டம் மட்டும் காலி. ஒருவர் கட்டத்தை மற்றவர் நிரப்பவும் அதில் வழி உண்டு. விலை இல்லாமல் பூட்டினால் பழைய விலையே நிற்கும், சைக்கிள் விற்காது.

"நீ போடு" என்றேன்.

"அது அவங்க கட்டம்."

"கட்டம் யாருதா இருந்தா என்ன? வீடு எரியும்போது யாரு வாளின்னு பார்ப்பாங்களா?"

"இன்னும் அரை மணி இருக்கு முதலாளி. பொதுப் பக்கத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்துட்டு…"

அதற்குள் கீழே லாரி ஹார்ன் அடித்தது. கையெழுத்துப் போட இறங்கிப் போனாள். திரை எனக்கு எதிரில் இருக்கிறது, கட்டம் காலியாக இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தில்தான் எனக்குத் தகராறு, எண் எந்த நாட்டிலும் எண்தான். நாற்பது வருஷம் விலை வைத்த கை இது. ஒரு விலை போட்டு, உறுதி என்கிற பச்சைப் பொத்தானையும் அமுக்கினேன். அப்படி அமுக்கினால் அந்தக் கட்டம் அப்போதே பூட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. தராசு திரும்பி வந்து பார்த்தாள். அந்தக் கட்டத்தை மறுபடி மறுபடி அமுக்கினாள், திறக்கவில்லை.

முடிவு வந்தது. இரண்டாவது இடம்! பட்டறை முழுக்க என் செலவில் டீ வாங்கிக் கொடுத்தேன். வெற்றிக்கு யார் காரணம் என்று எல்லோரிடமும் கேட்டேன், அவர்களும் சொன்னார்கள்.

திங்கள் பேச்சில் யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலக்காரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். யார் போட்டது? அவள் குழந்தைக்குக் காய்ச்சல், மருத்துவமனையில் இருந்திருக்கிறாள். நாலே முக்காலுக்குப் போடுகிறேன் என்று பொதுப் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள். சொன்ன நேரத்துக்கு ஒரு கையில் குழந்தையோடு வந்து திறந்து பார்த்தால், அவள் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள்.

"என் கணக்கிலேர்ந்துதான் போச்சு. பொறுப்பு என்னுது" என்று தராசு இங்கிலீஷில் சொன்னாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதற்கப்புறம் அந்தக் கம்பெனியில் ஒரு வியாதி பிடித்தது. மூன்று வரி எழுதுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தன் எண்ணை வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது என்று எல்லோரும் கடைசிப் பத்து நிமிஷத்தில் போட ஆரம்பித்தார்கள். ஆறாவது வாரம் ஐந்தாவது இடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. லாரியடியில் நின்று கட்டு எண்ணிக்கொண்டிருந்தவளிடம் போனேன். "லாபம் வந்துச்சா இல்லையா? நான் போட்ட விலை சரியா இல்லையா? இதுல அந்தம்மாவுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

தராசு எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். பட்டறைக்குள் நின்றுகொண்டு முதல் முறையாக, பத்துப் பேர் காது கேட்க, "அத்தான்" என்றாள்.

"அத்தான், இந்தப் பலகையில நான் ஏன் இவ்வளவு லேசா எழுதுறேன் தெரியுமா?"

"சாக்பீஸ் மிச்சம் பிடிக்கிறியோ என்னவோ."

"காலையில நீங்க அழிக்கப்போறீங்க. அழுத்தி எழுதினா உங்க கையில ஒட்டும். பதினாலு வருஷமா அழிக்கிறதுக்குத் தோதாத்தான் எழுதுறேன். அந்தம்மாவுக்கு என்ன குறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியும்."

பசை கிண்டுகிறவன் கிண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன், மறுபடி கிண்டினான்.

"இப்ப என்ன செய்யணும்ங்கிறே?"

"உண்மையைச் சொல்லிடப்போறேன். அறையில வெளியாள் இருந்தார்னு தெரிஞ்சா என்னை நீக்கினாலும் நீக்குவாங்க. நாற்காலி போனா போகுது. முட்டி எனக்குப் பழகிடுச்சு. வரீங்களா, இல்ல நான் மட்டும் சொல்லவா?"

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு வளர்ந்தவன் இல்லை. ஆனால் என் தப்புக்கு ஒரு பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பி வளர்ந்தவனும் இல்லை. அடுத்த திங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு கேமராவுக்கு நேராக உட்கார்ந்தேன். பயிற்சி நடத்துகிற அம்மாளும் வந்திருந்தார். நான் அட்டை பொறுக்கின காலத்திலிருந்து ஆரம்பித்து, கறிக்கத்தி, பசை, முதல் லாரி எல்லாம் முறையாகச் சொல்லி, அதனால்தான் காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது என்று முடித்தேன். ஆறு நிமிஷம் இருக்கும். தராசு அதை இங்கிலீஷில் ஒரே வரியில் சொல்லி முடித்தாள்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"'நான்தான் போட்டேன், தப்பு'ன்னு சொன்னேன். வேற ஏதாவது விட்டுப்போச்சா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

விடியல்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டார். தராசு தமிழில் சொன்னாள். "உங்க பட்டறையில ஒருத்தர் வேலை முடியாம இருந்தா என்ன செய்வீங்கன்னு கேக்கிறார்."

"நானே முடிச்சிடுவேன்."

"அவங்களைக் கேட்டுட்டா, கேக்காமலான்னு கேக்கிறார்."

தராசு மாதிரி நானும் ஆடினேன். "கேட்டதில்ல" என்றேன். சாயங்காலக்காரி மடியிலிருந்த குழந்தை அந்த நேரம் பார்த்து என்னை நோக்கிக் கையை ஆட்டியது. அவள் அதன் கையை இறக்கிவிட்டாள், சிரிக்கவில்லை.

பயிற்சி அம்மாள் தீர்ப்புச் சொன்னார். தானாகவே வந்து சொன்னதால் நீக்கவில்லை, ஆனால் ஐந்தாவது வார லாபம் ரத்து. நான் சம்பாதித்துக் கொடுத்த லாபம் அது! ஒரே நாளில் மறுபடி ஏழாவது இடம். இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி. "இனிமே அறைக்குள்ள வரக்கூடாது, அத்தான்" என்றாள் தராசு. "நீங்க கீழே லோடு பாருங்க. பலகையில எழுதியிருக்கேன்."

மறுநாள் காலை பலகையைப் பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில் அவ்வளவு தூரத்தில் இருக்கும் கடையின் சரக்கைக் கதவோரம் ஏற்றச் சொல்லி எழுதியிருந்தாள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், தூரத்துச் சரக்கு உள்ளே போக வேண்டும். கை தானாகப் பலகைக்குப் போனது. பாதியில் நிறுத்தினேன். மணி ஆறரை. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

"அக்கரைக் கடைச் சரக்கை ஏன் கதவோரம் வெச்சிருக்கே?"

மறுமுனையில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அந்தக் கடைக் கிடங்கு மதியம் பன்னெண்டுக்கு மூடிடுறாங்க. நேரா அங்க போய் இறக்கிட்டு, திரும்பி வரும்போதுதான் மத்த கடை."

"எப்பேர்ந்து மூடுறான்?"

"மூணு வருஷமா."

பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநரைப் பார்த்தேன். "மூணு வருஷமா நான் இதை மாத்தி மாத்தித்தானே அனுப்புறேன்? அவன் கடையில எப்படி இறக்கினே?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க முதலாளி. பாலம் தாண்டினதும் வண்டியை நிறுத்தி நானும் கிளீனரும் திரும்பத் தராசம்மா வரிசைக்கு மாத்திக்குவோம். ஒரு மணி நேரம் ஆகும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே முதலாளி."

அன்றைக்குப் பலகையில் இருந்த வரிசைப்படியே ஏற்றினேன். அறுபத்தெட்டு வயதில் தலைச்சுமையாக நாற்பது கட்டு ஏற்றினேன், இதை எழுதாமல் விட எனக்கு மனசில்லை. லாரி ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்பி வந்தது.

மாடியில் என்ன நடந்தது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தராசு மறுபடி மூன்று வரி எழுத ஆரம்பித்தாள். முதல் வாரம் அவள் மட்டும்தான் எழுதினாள். மூன்றாவது வரியில், நம்மில் யாரும் இனி யாரையும் நம்ப மாட்டோம் என்பதுதான் என் பயம் என்று போட்டாளாம். கடைசி வாரம் ஐந்து பேரும் எழுதினார்கள். சாயங்காலக்காரி மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது, அவளே தன் விலையைத் தராசுக்கு எழுதி அனுப்பி, எனக்குப் பதில் நீங்கள் போட்டுவிடுங்கள் என்று கேட்டாளாம். அவள் கேட்டுக்கொண்டபடி போட்டதும் அதே கட்டத்தில்தான்.

கம்பெனி ஐந்தாவதாக முடிந்தது. பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, தேறுவதற்குப் போதும். கூட வேலை செய்தவர்கள் போட்ட எண் வெள்ளிக்கிழமை வந்தது. தராசு, அவள் அக்கா, நான், மூன்று பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விடியல்காரர் எட்டு. காலைக்காரர் எட்டு. மதியக்காரர் ஏழு. இன்னும் ஐந்தாவது வேண்டும். சாயங்காலக்காரி ஆறு போட்டிருந்தாள். கீழே ஒரு குறிப்பு. தராசு படித்துச் சொன்னாள்.

"முதல்ல ரெண்டுதான் போட்டு வெச்சிருந்தாங்களாம். நாம வந்து சொன்னதுக்கு நாலு கூட்டியிருக்காங்க. ஏழு போட மனசு வரலைன்னும் எழுதியிருக்காங்க."

"நியாயமான பொம்பளை" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்தபடி.

அன்று சாயங்காலம் தராசு கடைசித் தடவையாகப் பலகையில் வரிசை எழுதினாள். அழுத்தின அழுத்தலில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டை எடுத்து மீதியையும் எழுதினாள். இரண்டு நாள் கழித்து அதை அழிக்க, அவள் இடத்துக்குப் புதிதாக வந்தவன் ஈரத்துணி தேட வேண்டியிருந்தது.

இப்போது கண்ணாடி அறையில் அவளுக்கு நாற்காலி, முட்டிக்கு ஒரு சின்ன முக்காலி. ஐந்து நாட்டுப் பட்டறைகளோடு திங்களும் வியாழனும் பேசுகிறாள். எனக்கு ஏதாவது தோன்றினால் மாடிக்குப் போகிறேன். என் கட்டடம், என் படி, என் காசில் போட்ட கண்ணாடிக் கதவு. அதை வெளியில் நின்று தட்டுகிறேன்.

"யாரு?" என்கிறாள்.

கண்ணாடிதான், ஆள் நிற்பது நன்றாகவே தெரியும். ஆனாலும் கேட்கிறாள். "நான்தாம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் வரச் சொல்லும்வரை நிற்கிறேன்.